எலிப்டிகல் டிரெய்னர்: வாங்குமுன் ஏறி நின்று பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் உடற்பயிற்சி செய்வதற்கு எலிப்டிகல் டிரெய்னர் வாங்குவது குறித்து வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நின்ற நிலையில் இரண்டு பெடல்களின் மேல் பாதங்களை வைத்து, இரு கைப்பிடிகளையும் மாற்றி மாற்றித் தள்ளியும் இழுத்தும், நடைக்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட ஓர் அசைவைச் செய்வதற்கான சாதனம் இது. பாதம் செல்லும் பாதை நீள்வட்டமாக இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. 1995-இல் பிரிகோர் நிறுவனம் இதை உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது பரவலாக அறியப்பட்டது.

கேள்வி: நானும் என் கணவரும் பயன்படுத்துவதற்காக ஓர் எலிப்டிகல் வாங்க நினைக்கிறோம். என் உயரம் 5 அடி 1 அங்குலம். அவர் 5 அடி 11 அங்குலம். விற்பனையாளர்கள் ஃபிளைவீலின் (பெடலோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தின்) எடையையும், ரெசிஸ்டன்ஸ் (மிதிக்கும்போது எதிர்க்கும் தடை) எத்தனை நிலைகளில் உள்ளது என்பதையும், திரையின் அளவையும் மட்டுமே சொல்கிறார்கள். நாங்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். அது ‘ஸ்டிரைடு’ எனப்படும் காலடி வீச்சு. ஒரு பெடல் முன்னால் சென்று நிற்கும் கடைசிப் புள்ளிக்கும், பின்னால் சென்று நிற்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரமே அந்த வீச்சு. வீட்டு உபயோக இயந்திரங்களில் இது சுமார் 12 அங்குலத்திலிருந்து 22 அங்குலம் வரை வேறுபடுகிறது. ரெசிஸ்டன்ஸைக் கூட்டலாம், குறைக்கலாம். திரை பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருந்துவிடலாம். ஆனால் பெரும்பாலான இயந்திரங்களில் காலடி வீச்சை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. அதனால்தான் இதை எல்லாவற்றிற்கும் முன்னால் வைக்கிறேன்.

வீச்சு உங்கள் காலுக்குக் குறைவாக இருந்தால், கால் முன்னும் பின்னும் நீளாமல் மேலும் கீழும் போகத் தொடங்கும். நடப்பது போன்ற உணர்வு போய், குறுகிய படிகளில் அவசரமாக ஏறுவது போன்ற உணர்வு வரும். முட்டியும் தேவைக்கு மேல் மடங்கும். வீச்சு அதிகமாக இருந்தால், கடைசிப் புள்ளியை எட்டுவதற்காக இடுப்பு இடமும் வலமுமாக அசையும், குதிகால் பெடலை விட்டு எழும்பும், சிறிது நேரத்தில் கீழ்முதுகில் இறுக்கம் தெரியும். பொதுவாக 5 அடி 3 அங்குலத்திற்குக் குறைவானவர்களுக்கு 14 முதல் 16 அங்குலம் வரையும், நடுத்தர உயரத்தினருக்கு 18 அங்குலம் அளவிலும், 5 அடி 10 அங்குலத்தைத் தாண்டியவர்களுக்கு 20 அங்குலம் அல்லது அதற்கு மேலும் வசதியாக இருக்கும். இவை தொடங்குவதற்கான எண்களே. ஒரே உயரமுள்ள இருவரின் கால் நீளம் ஒன்றாக இருப்பதில்லை.

உங்கள் இருவருக்கும் இடையே 10 அங்குல வேறுபாடு இருப்பதால், 18 அங்குல இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள். உயரம் குறைந்தவர் சற்று நீண்ட வீச்சுக்குப் பழகிக்கொள்வது எளிது. உயரமானவர் குறுகிய வீச்சுக்குள் தம்மை அடக்கிக்கொள்வது கடினம். சில நாட்களிலேயே அவர் இயந்திரத்தை விட்டு ஒதுங்கிவிடுவார். ஆகவே 18 அங்குலத்தில் உங்கள் கணவருக்கு நெருக்கடி தெரிந்தால் 20 அங்குலத்தில் நீங்கள் ஏறிப் பாருங்கள். இடுப்பு அசையாமல் ஓட்ட முடிகிறது என்றால் அதையே வாங்கலாம். வீச்சை மாற்றியமைக்கும் வசதியுள்ள இயந்திரங்களும் உண்டு. விலை கூடுதலாக இருந்தாலும் உங்களைப் போன்ற இணையருக்கு அந்தச் செலவு பொருளுள்ளது என்றே நினைக்கிறேன். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு டேப்பைக் கையோடு கொண்டுபோய், பெடலை மெதுவாகச் சுற்றி, அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே நீங்களே அளந்துவிடுங்கள்.

அடுத்தது இரண்டு பெடல்களுக்கும் இடையே உள்ள பக்கவாட்டு இடைவெளி. நடக்கும்போது நம் பாதங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெடல்கள் அதைவிட மிகவும் விலகியிருந்தால், காலை அகட்டி வைத்துக்கொண்டே அரைமணி நேரம் நடப்பதற்குச் சமமாகிவிடும். இடுப்பு மூட்டின் வெளிப்புறத்திலும் முட்டியின் பக்கவாட்டிலும் வலி தோன்ற அதுவே போதும். எந்த இயந்திரத்தில் இந்த இடைவெளி குறைவோ அதுவே நல்லது.

இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, வழக்கமாகப் போடும் உடற்பயிற்சிக் காலணியோடு, ஒவ்வொருவரும் குறைந்தது 10 முதல் 15 நிமிடம் அந்த இயந்திரத்தின் மேல் இருங்கள். முதல் 2 நிமிடங்களில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் இருக்கும். எட்டாவது நிமிடத்தில், முதுகு நேராக இருக்கிறதா, கைப்பிடியைப் பிடிக்கத் தோள் முன்னால் இழுபடுகிறதா, முட்டி எதிலாவது உரசுகிறதா, வேகத்தைக் கூட்டும்போது சட்டகம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அதற்காக வெட்கப்பட்டு இறங்கிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் அந்தப் பெடலின் மேல் நிற்கப்போவது நீங்கள்.

கேள்வி: எனக்கு வயது 54. முட்டித் தேய்மானத்தின் தொடக்கம் என்று சொல்லி, ஓட வேண்டாம், எலிப்டிகல் செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். முட்டிக்கு இது உண்மையிலேயே பாதிப்பில்லாததா?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் உடல் எடையைப் போல ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. ஆகவே மேலிருந்து வந்து மோதும் அந்த அதிர்ச்சி இல்லை. ஆனால் அதிர்ச்சி இல்லை என்பதை முட்டிக்கு வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமதளத்தில் நடப்பதைவிட இதில் முட்டியும் இடுப்பும் அதிகமாக மடங்குகின்றன. ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் தொடையின் முன்பக்கத் தசை கூடுதல் விசையோடு இழுக்கிறது, அந்த அழுத்தம் முட்டிச்சில்லின் பின்புறம் போய்ச் சேர்கிறது.

அதனால் உங்களுக்கு ஏற்றது தட்டையான நீள்வட்டம் உள்ள இயந்திரம். பெடலை மெதுவாகச் சுற்றிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: பெடல் உயரமாக எழும்பி இறங்கினால் அது படி ஏறுவதற்கு நெருக்கமானது, தாழ்வாக நீண்டு சென்றால் அது நடைக்கு நெருக்கமானது. சாய்வை உயர்த்தும் வசதி இருந்தால் தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள். முதல் வாரம் குறைந்த ரெசிஸ்டன்ஸில் 5 முதல் 10 நிமிடம் போதும். மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்து, வலியோ வீக்கமோ இல்லையென்றால் மட்டும் சில நிமிடங்களைக் கூட்டுங்கள். முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும், பிறகுதான் ரெசிஸ்டன்ஸை. வீக்கம் வந்தாலோ, முட்டி பிடித்துக்கொண்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதம் ஒரே இடத்தில் அழுந்தியிருப்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போவதாகப் பலர் சொல்கிறார்கள். காலணிக் கயிற்றைச் சற்றுத் தளர்த்துவதும், இடையிடையே விரல்களை அசைப்பதும், பாதத்தைப் பெடலில் ஓர் அங்குலம் முன்னோ பின்னோ நகர்த்துவதும் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும்.

கேள்வி: ‘ஆர்பிட்ராக்’ என்ற பெயரில் சைக்கிள் இருக்கையுடன் விற்கும் இயந்திரம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. எலிப்டிகலும் சைக்கிளும் ஒன்றிலேயே இருப்பதால் அது லாபம்தானே?

பதில்: அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன். அந்த வகையில் பலவற்றில் பாதம் செல்லும் பாதை நீள்வட்டத்தைவிட வட்டத்திற்கே நெருக்கமானது. நின்றுகொண்டு சைக்கிள் மிதிப்பது போலத்தான் இருக்கும். காலடி வீச்சும் குறைவு. எடை குறைந்த சட்டகம் என்பதால் வேகம் கூடும்போது ஆடும். அந்த ஆட்டம் தெரிந்தவுடன் நம்மையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம், பயிற்சியின் பயனும் குறைந்துவிடும். சில மலிவான வகைகளில் சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கித்தான் தடையை உண்டாக்குகிறார்கள். அந்தப் பட்டை தேயும், சூடாகும், ஒரு நாள் இருந்த இறுக்கம் மறுநாள் இருக்காது. உட்கார்ந்து மிதிப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் நல்ல உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றை வாங்குவது மேல்.

கேள்வி: ஃபிளைவீல் முன்னால் இருப்பது நல்லதா, பின்னால் இருப்பது நல்லதா? எத்தனை கிலோ இருக்க வேண்டும்? காந்த ரெசிஸ்டன்ஸ் என்பது என்ன?

பதில்: முன்னாலா பின்னாலா என்பதில் நான் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. முன்பக்கச் சக்கரம் உள்ளவற்றில் பெடலின் கரங்கள் பெரும்பாலும் தண்டவாளம் போன்ற பாதையில் உருளைகளின் மேல் ஓடும். அந்தப் பாதையில் தூசி சேர்ந்தால் சத்தம் வரும், துடைக்க வேண்டும். பின்பக்கச் சக்கரம் உள்ளவை இடத்தைச் சற்று நீளமாக எடுத்துக்கொள்ளும். இவ்வளவுதான்.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஃபிளைவீலின் வேலை, ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் இடையே சுழற்சி தளர்ந்துவிடாமல் தாங்கிச் செல்வது. அதற்குத் தேவையான ஆற்றல் சக்கரத்தின் எடையை மட்டும் பொறுத்ததன்று. அந்த எடை விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதையும், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் பொறுத்தது. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் சேமித்த ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, ஒரு மிதிக்குப் பல சுற்றுச் சுழலும்படி அமைத்த 7 கிலோ சக்கரம், மெதுவாகச் சுழலும் 12 கிலோ சக்கரத்தைவிடச் சீராக ஓடக்கூடும். எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பைக் காலிடம் விடுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டும்போது, பெடல் மேலே வரும் இடத்தில் திக்கி நின்று பிறகு சரிந்து இறங்குகிறதென்றால், எடை எவ்வளவு இருந்தாலும் அது நல்ல அமைப்பு அன்று.

காந்த ரெசிஸ்டன்ஸில் காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. உலோகச் சக்கரம் காந்தப்புலத்தைக் கடந்து சுழலும்போது அந்த உலோகத்திற்குள் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகி, அவை சுழற்சியை எதிர்க்கின்றன. காந்தத்தை அருகே கொண்டுவந்தால் தடை கூடும், விலக்கினால் குறையும். உராய்வு இல்லாததால் தேய்மானமும் சத்தமும் மிகக் குறைவு. இதில் ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மெதுவாகச் சுற்றும்போது இந்தத் தடை இயல்பாகவே குறைவாக இருக்கும், வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். ஆகவே கடையில் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத் தடையே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். 8 நிலைகளா 32 நிலைகளா என்பதும் பெரிதன்று. கடைசி நிலையில் உங்களால் 2 நிமிடத்திற்கு மேல் தொடர முடியாத அளவுக்குக் கடினம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே கடைசி நிலை எளிதாக இருந்தால், மூன்று மாதத்தில் அந்த இயந்திரம் உங்களுக்குப் போதாது.

கேள்வி: எங்கள் வீட்டில் கூரை தாழ்வான ஓர் அறைதான் காலியாக இருக்கிறது. அங்கே வைக்கலாமா? கீழ்த்தளத்தில் வேறு குடும்பம் இருக்கிறது.

பதில்: நல்ல வேளையாக வாங்குமுன் கேட்டீர்கள். எலிப்டிகலில் நீங்கள் தரையில் நிற்பதில்லை. பெடல் மிக உயரமான புள்ளிக்கு வரும்போது உங்கள் தலையும் அந்த அளவுக்கு மேலே போகும். எனவே வீட்டிலேயே உயரமானவரின் உயரத்தோடு, பெடல் தரையிலிருந்து எழும் அதிகபட்ச உயரத்தையும், அதற்கு மேல் குறைந்தது 6 அங்குலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 5 அடி 10 அங்குல உயரமுள்ளவருக்கு, பெடல் 16 அங்குலம் எழும்பும் இயந்திரத்தில், 7 அடி 8 அங்குலம் வேண்டும். மின்விசிறி இருந்தால் கூரையை விட்டுவிட்டு அதன் இறக்கைவரை அளக்க வேண்டும்; அதற்கு நேர் கீழே இயந்திரத்தை வைக்கவே வேண்டாம்.

தரையில், இயந்திரம் ஏறத்தாழ 5 முதல் 7 அடி நீளமும் 2 முதல் 2½ அடி அகலமும் எடுத்துக்கொள்ளும். ஏறி இறங்கும் பக்கத்தில் இன்னும் 2 அடியாவது காலியாக இருக்கட்டும். கையும் பெடலும் முன்னும் பின்னும் நீளும் இடத்தில் சுவரோ அலமாரியோ இருக்கக் கூடாது. வாசல்வழியாகவும் படிக்கட்டின் திருப்பத்திலும் பெட்டி நுழையுமா என்பதையும் அளந்துவிடுங்கள். உறுதியான இயந்திரங்கள் 60 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், ஒருவர் தனியாகத் தூக்கிப் பூட்ட இயலாது. கீழ்த்தளத்தில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, ஓடுபொறியில் (டிரெட்மில்) காலடி விழும் சத்தம் போன்றது இதில் இல்லை. தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, அடிப்பகுதியில் உள்ள மட்டம் சரிசெய்யும் திருகுகளைச் சரியாகத் திருகிவிட்டால் அதிர்வு மிகவும் குறைந்துவிடும்.

கேள்வி: என் இயந்திரத்தின் திரை, 30 நிமிடத்தில் 400 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. நான் 72 கிலோ. மூன்று மாதமாகியும் எடை குறையவில்லை. தவறு எங்கே இருக்கிறது?

பதில்: பெரும்பாலும் திரையில்தான் இருக்கிறது, உங்கள் முயற்சியில் குறை காண வேண்டாம். எலிப்டிகல்களின் திரைகள் கலோரியைக் கூட்டிக் காட்டுவது பரவலாக அறியப்பட்ட ஒன்று. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிதமான வேகத்தில் எலிப்டிகல் ஓட்டுவதற்கு 5 மெட் என்ற அளவைப் பயிற்சித் துறையில் பயன்படுத்துகிறார்கள். 1 மெட் என்பது அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல், அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. அப்படியானால் 5-ஐ 72-ஆல் பெருக்கி, அதில் அரைமணி நேரத்திற்குப் பாதியை எடுத்தால் 180 கலோரி வருகிறது. நீங்கள் கடுமையாக ஓட்டினால் இது கூடும், ஆனால் 400-ஐ எட்டுவது மிகக் கடினம். திரை காட்டும் 400-ஐ நம்பி அந்த அளவுக்குக் கூடுதலாக உண்டால் எடை எப்படிக் குறையும்?

அந்த எண்ணை மறந்துவிட்டு, நிமிடங்களைக் கணக்கில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியோ வேண்டும். அதோடு தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற நிலை மிதமானது. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையானது. எந்தத் திரையையும்விட இந்தச் சோதனை எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. கைப்பிடியில் உள்ள இதயத்துடிப்பு உணரிகள், கை வியர்த்தாலோ பிடி தளர்ந்தாலோ தடுமாறும். துடிப்பைத் துல்லியமாக அறிய வேண்டியவர்கள் மார்பில் கட்டும் பட்டையைப் பயன்படுத்துவது நல்லது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள், வயதை வைத்துச் சொல்லும் துடிப்புக் கணக்கைப் பின்பற்றாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பலர் அசையாத கைப்பிடியின் மேல் உடல் எடையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கால் சுற்றுகிறது, திரையும் எண்ணுகிறது, உடல் மட்டும் அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஐந்து ஆண்டு பழைய எலிப்டிகலைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஒரே விலையில் புதிய மலிவு இயந்திரமும் பழைய உறுதியான இயந்திரமும் கிடைத்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன். சட்டகத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தேடிப் பாருங்கள். அதிகபட்ச உடல் எடை அதில் இருக்கும், உங்கள் எடையைவிட அது 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். ஐரோப்பியத் தரநிலையைப் பின்பற்றியதாக இருந்தால் ஓர் எழுத்தும் இருக்கும்: ‘எச்’ என்றால் வீட்டு உபயோகம், ‘எஸ்’ என்றால் உடற்பயிற்சிக் கூட உபயோகம், அதை அடுத்து வரும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ ஆகியவை அளவீட்டின் துல்லியத்தைக் குறிப்பவை, ‘ஏ’ மிகத் துல்லியமானது.

பிறகு ஏறி நின்று, முன்னோக்கி 5 நிமிடமும் பின்னோக்கி 5 நிமிடமும் ஓட்டுங்கள். ‘டக்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சத்தம் வந்தால், கரங்கள் இணையும் மூட்டில் உள்ள புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். கீச்சென்ற சத்தத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. என் வீட்டு இயந்திரம் இரண்டு மாதம் அப்படிக் கத்தியது. பெரிய பழுது என்று எண்ணிக் கவலைப்பட்டிருந்தேன், கடைசியில் இடது பெடலின் கீழே ஒரு போல்ட் தளர்ந்திருந்ததுதான் காரணம். அதன் பிறகு மாதம் ஒருமுறை எல்லா போல்ட்டுகளையும் ஸ்பானரால் சரிபார்த்து, உருளைகள் ஓடும் பாதையை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, கையேட்டில் சொன்ன மூட்டுகளில் மட்டும் கிரீஸ் இடுகிறேன்.

குழந்தையின் பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். நீங்கள் நிறுத்தினாலும் ஃபிளைவீல் உடனே நிற்காமல் பெடலையும் கரங்களையும் சிறிது நேரம் அசைத்துக்கொண்டிருக்கும். அந்த மூட்டுகளுக்கு இடையே சிறு விரல் நுழையும். கதவைச் சாத்தக்கூடிய அறையில் வைத்து, பயிற்சி செய்யும்போது குழந்தை உள்ளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பெடல்கள் முழுவதும் நின்ற பிறகு, தாழ்ந்திருக்கும் பெடலின் பக்கமாகவே இறங்குங்கள். அத்தகைய அறை உங்கள் வீட்டில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தை வளரும்வரை இந்த இயந்திரத்தை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.